டிசம்பரில் கனடாவில், ஒட்டாவாவில் உள்ள மகன் வீட்டுக்குப் போகிறோம். பனியில் வழுக்காத ஷூவும் அதில் மாட்டும் முள்ளும் திருநெல்வேலியிலேயே வாங்கிவிடலாமா? எந்த வகை நல்லது?

வாங்காதீர்கள். இரண்டையும் அங்கே போய் இறங்கியபிறகு, மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், போட்டுப் பார்த்து வாங்குங்கள். பதில் இவ்வளவுதான். மீதி என் கதை.

டிசம்பரில் போகிறீர்கள் என்றால் பேரப்பிள்ளை விஷயமாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் 2018 டிசம்பரில் மருமகளுக்குப் பேறுகாலம் பார்க்க அதே ஒட்டாவாவுக்குப் போனேன். அப்போது எனக்கு 58 வயது. கல்லிடைக்குறிச்சிக்காரி. தாமிரபரணிப் படித்துறையில் ஈரச்சேலையோடு, இடுப்பில் குடத்தோடு ஏறி இறங்கி வளர்ந்தவள். பாசிக்கல்லில் பெருவிரலை மடக்கி ஊன்ற வேண்டும், குதிகாலை நம்பக்கூடாது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் கையை ஒடித்தது.

டவுனில் ஒரு கடையில் ஷூ வாங்கினோம். அடிப்பக்கம் டிராக்டர் டயர் மாதிரி பள்ளம் பள்ளமாக இருந்தது. "இமயமலைக்கே இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்கம்மா" என்றான் கடைப் பையன். அவனைக் குறை சொல்லவில்லை. அவனும் பனியைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

போய் ஒன்பதாவது நாள். முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. அங்கே ஒரு மழை உண்டு, தரையில் விழுந்ததுமே உறைந்துவிடும். காலையில் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பனி இருந்தால் வெள்ளையாகத் தெரியும் என்றுதானே நினைப்போம்? சிமென்ட் நிறம் அப்படியே தெரிந்தது. ஈரம்தான் என்று நினைத்து இரண்டாவது படியில் கால் வைத்தேன். பழக்கதோஷத்தில் பெருவிரலை ஊன்றினேன். ஷூவுக்குள்ளே ஊன்றி என்ன செய்ய? கையைத் தரையில் கொடுத்தபடி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

"எம்மா, குப்பையை ஒன்ன யாரு எடுக்கச் சொன்னா?" என்று மகன் கத்தினான். பிறகு அந்த ஷூவைக் கையில் எடுத்து அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திக் காட்டினான். நகம் இறங்கவே இல்லை. ராத்திரி முழுக்கக் கார் ஷெட்டில் கிடந்த ரப்பர், குளிரில் பலகையாகிவிட்டிருந்தது. குளிருக்கென்று செய்கிற ஷூவில் அடிப்பாகம் குளிரிலும் மெத்தென்று இருக்குமாம். பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பேறுகாலம் பார்க்கப் போனவளுக்கு, பிள்ளை பெற்ற மருமகள் ஆறு வாரம் தலை பின்னிவிட்டாள். பயணக் காப்பீடு எடுத்திருந்தோம், அதனால் செலவில் தப்பித்தோம். நீங்களும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

2023 டிசம்பரில் மறுபடியும் போனேன். இந்த முறை நானே கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ரப்பர் வலையில் ஸ்பிரிங் மாதிரி கம்பி சுற்றியது ஒரு வகை. விலை குறைவு, மிதிபட்டு இறுகிய பனிக்குப் போதும். ஆனால் சரிவில் வெறும் ஐஸ் கிடந்தால் அதை நம்ப முடியாது. வீட்டைச் சுற்றி நடக்க எனக்குச் சரிப்பட்டது குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்ன டங்ஸ்டன் கார்பைடு (சீக்கிரம் தேயாத கெட்டியான பொருள்) முனை வைத்த பட்டைதான். குதிகாலுக்கு மட்டும் வருவதை வாங்காதீர்கள், முன்பாதத்துக்கும் முனை வேண்டும். முதலில் ஷூ, அப்புறம்தான் பட்டை. பட்டை ஷூவுக்கு வெளியே இழுத்து மாட்டுவது, அதனால் உங்கள் கால் அளவைச் சொல்லி ஆன்லைனில் வாங்கினால் பொருந்தாது.

ஒரு விஷயத்தை யாரும் சொல்லமாட்டார்கள். அதே முள் கடைக்குள் டைல்ஸ் தரையில் ஐஸைவிட மோசமாக வழுக்கும். உள்ளே போகுமுன் கழற்றியே ஆக வேண்டும். எனக்கு முட்டுவலி, குனிய முடியாது. கழற்ற ஒரு பெஞ்சு தேடி அலைவேன். மடக்கித் திருப்புகிற முள் ஷூவிலேயே வைத்தும் வருகிறது. உங்கள் வீட்டம்மாவுக்கும் முட்டுவலி என்றால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

மகன் மலைப்பாதைக்குக் கூப்பிடுவான். ஒட்டாவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டினோ பூங்கா இருக்கிறது. அங்கே இந்தச் சின்ன முனைகள் போதாது. சங்கிலியில் கோத்த, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீள முள் வைத்த மைக்ரோஸ்பைக்ஸ் வேண்டும். நான் அதை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்தேன், யார் கையையும் பிடிக்கவில்லை. வெயில் ஏறிப் பனி இளகினால் முள்ளுக்கு அடியில் கொழுக்கட்டை மாதிரி உருண்டு ஒட்டிக்கொள்ளும். அப்போது நின்று தட்டிவிட வேண்டும். கிராம்பான் என்று பெரிய முள்ளாகக் கடைக்காரர் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பனிமலை ஏறுகிறவர்களுக்கு, அதற்கு வளையாத பூட்ஸும் வேண்டும்.

"செருப்புக்கு மாட்டுகிற முள்ளுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று கமென்ட் போட வருகிறவர்கள் ஆறு வாரம் இடது கையால் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வரலாம். நான் எந்தக் கம்பெனியிலும் காசு வாங்கவில்லை, அதனால்தான் பெயரே எழுதவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மைனஸ் பதினைந்தில் விழாமல் நடந்துவிட்டு ஊருக்கு வந்தவள், போன ஆடியில் பாபநாசத்தில் விழுந்தேன். பாசியில் இல்லை. யாரோ பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போன வேட்டி தண்ணீருக்குள் கிடந்து காலைச் சுற்றிக்கொண்டது. உடுத்த துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று இவர்களுக்கு யார்தான் சொன்னார்களோ. அதற்கு எந்த முள் மாட்ட?

ஜனவரியில் இளகல் வந்து மறுநாள் காலை திரும்ப உறையும், அந்த நாட்களில் குப்பையை மகனையே எடுக்கச் சொல்லுங்கள்.