மணற்காட்டிலிருந்து பெல்ஜியச் சேற்றுக்கு – கடிதம்

அண்ணைக்கு வணக்கம்.

நான் வடமராட்சியைச் சேர்ந்தவன், வயது 22. மூன்று வருடமாக வீதிச் சைக்கிளோட்டப் போட்டிகளில் ஓடுகிறேன். இப்போது மனம் முழுக்க சைக்கிளோகுறொஸில் – சேறு, மணல், தடைப் பலகை உள்ள சுற்றுப்பாதையில், சில இடங்களில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டும் ஓடும் குளிர்காலப் போட்டியில் – இருக்கிறது. அன்ற்வேர்ப்பனில் சித்தப்பா இருப்பதால் தங்குமிடம் பிரச்சினையில்லை. என்னிடம் ஒரே ஒரு சைக்கிள், டிஸ்க் பிறேக், 33 மில்லிமீற்றர் ரயர். சம்மேளனம் மூலம் நேரே உலகச் சம்பியன்சிப்புக்குப் பெயர் கொடுக்கலாமா? ஒரு சைக்கிளோடு போவது புத்தியா? அதைப் பெட்டியில் எப்படிக் கட்டுவது? இங்கே மலையுமில்லை, குளிருமில்லை. எதைப் பழகிக்கொண்டு போவது? என்னைப்போல இன்னும் நாலு பேர் இருக்கிறோம். விளக்கமாக எழுதினால் எல்லாருக்கும் உதவும்.

வாசகர், வடமராட்சி

அன்புள்ள தம்பி,

உலகச் சம்பியன்சிப்பை இம்முறை விட்டுவிடுங்கள். அதற்குத் தகுதிச் சுற்று என்று ஒன்று இல்லை, சம்மேளனம் பெயர் கொடுத்தால் வரிசையில் நிற்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எண்பது வீத விதி என்று ஒன்று உண்டு. முதலாமவர் முதற்சுற்றுக்கு எடுத்த நேரத்தில் 80 வீதம் பின்தங்கியதும் நடுவர்கள் உங்களை ஓடுபாதையிலிருந்து இறக்கிவிடுவார்கள். சுற்று 7 நிமிடமென்றால் அந்த இடைவெளி 5 நிமிடம் 36 செக்கன். சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் விட்டுக்கொடுப்பவருக்கு நாலாம் சுற்றோடு எல்லாம் முடிந்துவிடும். தரவரிசைப் புள்ளி இல்லாதவருக்குக் கடைசி வரிசைதான், முதல் வளைவிலேயே நெரிசலில் காலூன்ற வேண்டிவரும். 8000 கிலோமீற்றருக்கு மேல் பறந்துபோய் அரைமணி நேரம் ஓடித் திரும்புவதில் நீங்கள் எதைக் கற்றுக்கொள்வீர்கள்?

முதற்பயணத்தில் எண்ண வேண்டியது எத்தனை தரம் தொடக்கக் கோட்டில் நின்றீர்கள் என்பதைத்தான். நத்தாரையும் புதுவருடத்தையும் ஒட்டிய இரண்டு கிழமையில் பெல்ஜியத்தில் அநேகமாகத் தினமும் எங்காவது பெரிய போட்டி நடக்கும். அதைச் சுற்றி வாரக்கடைசிகளில் கழகங்கள் நடத்தும் சிறிய போட்டிகள் உண்டு. மார்கழி 10 அளவில் போய் இறங்கி, மூன்று நாலு கிழமை நின்று, சிறிய போட்டிகளில் நாலைந்து தரம் ஓடுங்கள். கடைசியில் சி2 என்ற இரண்டாம் தரச் சர்வதேசப் போட்டி ஒன்று. பெரிய போட்டிகள் நடக்கும் கொக்ஸைட மணல்மேட்டையோ சோன்ஹோவன் மணற்குழியையோ ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். பெரிய ஓட்டக்காரர் எங்கே இறங்குகிறார், எங்கே ஏறுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்வது ஒரு போட்டிக்குச் சமம்.

பத்திரங்களில் இரண்டு இடத்தில் பலர் தடக்குப்படுகிறார்கள். ஒன்று, யூசிஐ (உலகச் சைக்கிளோட்டச் சங்கம்) லைசன்ஸ் தை 1 முதல் மார்கழி 31 வரைதான் செல்லுபடியாகும். புதுவருடத்தைத் தாண்டி ஓடப்போகிறவருக்கு அடுத்த வருட லைசன்ஸும் கையில் வேண்டும்; அதைப் புறப்படுமுன்னரே சம்மேளனத்தோடு பேசி ஒழுங்கு செய்யுங்கள். வெளிநாட்டில் ஓட அனுமதிக் கடிதமும் அங்கேயே எடுக்க வேண்டும், திகதிகள் தெளிவாக எழுதியிருக்கட்டும். மற்றது வயதுப் பிரிவு. சைக்கிளோகுறொஸில் பருவம் முடியும் ஆண்டின் வயதைத்தான் கணக்கெடுப்பார்கள். வருகிற ஆண்டில் 23 ஆகிறதென்றால் பருவம் தொடங்கும் புரட்டாதியிலேயே நீங்கள் மூத்தோர் பிரிவு, ஓட்டம் 60 நிமிடம்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னர் தொடங்கி விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. சித்தப்பா உங்கள் செலவைப் பொறுப்பேற்பதென்றால் அதற்குரிய பத்திரத்தைத் தன்னுடைய நகரசபையில் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். அதற்கும் நாளெடுக்கும், ஆவணியிலேயே சொல்லி வையுங்கள். போட்டி அமைப்பாளரின் பதில் மின்னஞ்சலையும் விண்ணப்பத்தோடு வையுங்கள்.

இனிச் சைக்கிள். ஒன்றோடு போகலாம். பெரிய ஓட்டக்காரர் அரைச் சுற்றுக்கு ஒருதரம் பிற்றில் (சைக்கிளும் சில்லும் மாற்றும் இடம்) கழுவிய சைக்கிளுக்கு மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டாவது சைக்கிளுக்குக் கடன்படுவதைவிட இரண்டாவது சோடிச் சில்லு வாங்குவது மேல். அதில் ஆழமான பல்லுள்ள சேற்று ரயரைப் போட்டு வையுங்கள், மார்கழியில் அதுதான் அதிகம் ஓடும். போட்டியில் ரயரின் அகலம் 33 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, ஆனால் ரயரின் பக்கத்தில் 33 என்று எழுதியிருந்தால் போதாது. உள்ளகலம் 23 மில்லிமீற்றர் ரிம்மில் ஏற்றிக் காற்றடித்தால் அதே ரயர் 34க்கு வீங்கலாம். நடுவரின் அளவுகோல் அதில் இறங்காது, கோட்டில் நிற்க விடமாட்டார்கள். இங்கேயே வேணியர் பிடித்து அளந்துபாருங்கள். இடிக்கிறதென்றால் 31 அல்லது 32 வாங்குங்கள்.

பிறேக் கட்டைகளை மறக்க வேண்டாம். மணல் கலந்த சேற்றில் றெசின் (பிசின் கலவை) கட்டை ஒரே போட்டியில் இரும்புத் தகடு தெரியுமளவுக்குத் தேய்ந்துவிடும். உலோகம் கலந்த கட்டையாக நாலு சோடி கொண்டுபோங்கள். அடுத்தது ஹாங்கர், பின் கியரைப் பிறேமோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு. நீளப் புல்லும் சேறும் கியர்ப் பற்சில்லைச் சுற்றிக் கயிறாக முறுகும். அந்த நேரம் பெடலை உன்னி மிதித்தால் முறிவது ஹாங்கர்தான். உங்கள் பிறேமுக்கென்று உள்ளதுதான் பொருந்தும், அங்கே கடையில் இருக்குமென்று நம்பாமல் இரண்டு எடுத்துச் செல்லுங்கள். மிதி இறுகுகிறதென்று கால் சொன்னால் உடனே இறங்கிக் கையால் புல்லைப் பிடுங்கி எறியுங்கள். பத்துச் செக்கன் போகும், போட்டி போகாது.

வீதிச் சைக்கிளின் 50 பல் முன் வட்டு அங்கே உதவாது. 38 அல்லது 40 பல் ஒற்றை வட்டும் பின்னால் 11–32ம் போதும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் வீதி ஓட்டக்காரர் எல்லாரும் பிழைவிடுகிறார்கள். 60 கிலோ அளவில் இருப்பவர் ரியூப் இல்லாத ரயரில் சேற்றுக்கு முன்னால் 20, பின்னால் 22 பிஎஸ்ஐயில் (காற்றழுத்த அளவு) தொடங்கலாம். வேரும் இறுகிய தரையும் என்றால் 24–26. மணலுக்கு 18 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் வளைவில் ரயர் ரிம்மை விட்டு விலகிக் காற்றைக் கக்கிவிடும். 160 வரை காட்டும் பம்ப் மானியை 20இல் நம்பக்கூடாது; 30 வரை மட்டும் காட்டும் சிறு மானி ஒன்று தனியாக வாங்குங்கள். இன்னொன்று, சித்தப்பா வீட்டுக்குள் 20 பாகையில் 22 அடித்து, 3 பாகைக் குளிரில் போய் நின்றால் அது 20 ஆகியிருக்கும். ஆகவே பாதையடியில் சைக்கிளை அரைமணி வெளியே விட்டு, பிறகு அளவெடுங்கள்.

பெட்டி கட்டுகையில்: பெடலைக் கழற்றுங்கள், இடப்பக்கத்துக்கு மரை எதிர்ப்புறம். பின் கியரை ஹாங்கரிலிருந்து கழற்றித் துணி சுற்றி பிறேமுக்குள் கட்டுங்கள். டிஸ்க் தட்டுகளைக் கழற்றித் தட்டையாகப் புத்தகம்போல இரண்டு மட்டைக்குள் வையுங்கள். பிறேக் கட்டைகளுக்கிடையே மட்டைத் துண்டு செருக வேண்டும், இல்லையேல் யாராவது பிடியை அமத்தினால் கட்டைகள் ஒட்டிக்கொண்டுவிடும். முன் கவட்டுக்குள் 100 மில்லிமீற்றர், பின்னால் 142 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு வெட்டி இறுக்குங்கள். பெட்டியின்மேல் பாரம் விழுந்தாலும் பிறேம் நசியாது. ரயரில் 10 பிஎஸ்ஐ விடுங்கள், முழுக்க இறக்கினால் விளிம்பு கழன்று உள்ளே ஓட்டையடைக்க ஊற்றிய சீலன்ற் திரவம் கொட்டும். மேலதிக லிதியம் பற்றரி கைப்பையில்தான் போக வேண்டும். ரயருக்குக் காற்றடிக்கும் அழுத்த வாயுக் குப்பிகளை இங்கேயே விடுங்கள். சைக்கிளை விமான நிறுவனத்துக்கு முன்னரே அறிவித்து, பெட்டி 23 கிலோவைத் தாண்டாமல் பாருங்கள். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் பெட்டியை நிமிர்த்தி வைப்பித்து, மேலே மூட்டை ஏற்றாமல் நின்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

மலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து சிறு தூரத்தில் மணற்காட்டு மணல்மேடு இருக்கிறதே, தம்பி! பெல்ஜியத்தில் பலர் மணல் தேடிக் கடற்கரைக்குக் கார் ஓடுகிறார்கள். மணலுக்குள் வேகமாக நுழையுங்கள், நுழையுமுன் ஒரு பல் பாரமான கியருக்கு மாறுங்கள். பின்பாரம் கொடுத்து இருங்கள், ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். முன் சில்லு தானாகத் தடத்தைத் தேடிப் பிடிக்கும். அதைத் திருப்ப முயன்றால் மூக்குக்குத்தி விழுவீர்கள். வேகம் செத்த பிறகு இறங்குவது பிழை, சாகப்போகிறதென்று தெரிந்ததும் இறங்கி ஓட வேண்டும். மணல் ஏற்றத்தில் சைக்கிளைத் தோளில் போட்டு ஓடிப் பழகினால் மலை இல்லாத குறை பாதி தீரும்.

மீதிப் பாதிக்குக் குளக்கட்டு. மழைக்குப் பின் புல் ஈரமாக இருக்கையில் கட்டின் சரிவில் குறுக்காக ஓடுங்கள். வெளிக்காலில் பாரத்தை அழுத்தி, பிறேக் தொடாமல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை எங்கள் மழைக்காலமும் அவர்களின் போட்டிக்காலமும் ஒன்றே. வலிகாமத்துச் செம்மண் ஈரத்தில் ரயரில் அப்பிப் பிடிப்பதைப்போல எல்லாச் சேறும் பிடிக்காது, அதில் ஓடியவருக்குக் கை தளராது.

தடைப் பலகைக்கு 40 சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு, இடையில் 4 மீற்றர் தூரம். பனஞ்சலாகையை நிலத்தில் அறைந்து வைக்காமல் தட்டினால் விழும்படி கல்லில் சாத்துங்கள். வலக்காலைப் பின்னால் சுழற்றி இறங்கி, இரண்டையும் தாண்டி, இடக்கால் உந்தி வலத் தொடையின் உட்பக்கத்தால் இருக்கையில் சறுக்கி ஏற வேண்டும். ஏறுமுன் ஒரு குட்டித் துள்ளல் வருகிறதென்றால் அது போகும்வரை நடை வேகத்திலேயே பழகுங்கள். வேகத்தில் பழகினால் அந்தத் துள்ளல் நிரந்தரமாகிவிடும்.

குளிரை இங்கே பழக முடியாது. ஆகவே முதற்போட்டிக்கு ஐந்து நாளாவது முன்னதாகப் போய் இறங்குங்கள். விரல் விறைத்தால் பிறேக் பிடிக்க முடியாது. கையுறை மூன்று சோடி வேண்டும், சூடேற்றும்போது போட்டதை ஓட்டத்துக்குப் போடக்கூடாது. சப்பாத்தின் அடியிலும் பெடலிலும் சமையல் எண்ணெய் ஸ்பிரே அடித்தால் சேறு ஒட்டுவது குறையும். ஓடி முடித்த உடம்பு ஐந்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும். காய்ந்த உடுப்பு, தொப்பி, துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஒரே பையில், கோட்டைத் தாண்டியதும் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மேலதிகச் சில்லோடு பிற்றில் நிற்கவும் ஒரு ஆள் தேவை. இரண்டையும் ஒருவரே பார்க்க முடியாது. யார் எங்கே நிற்பது என்று சித்தப்பாவோடு இப்போதே பேசி வையுங்கள்.