மருத்துவ சீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்; மகளை மாநாட்டுக்கு அனுப்புங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடித்த மகள் கோலாலம்பூரில் நடக்கும் இரண்டு நாள் தேடுபொறி விளம்பர மாநாட்டுக்கு, அதாவது கூகுள் போன்றவற்றில் தேடும்போது வரும் விளம்பரங்களைப் பற்றிய மாநாட்டுக்கு, போகணும் என்கிறாள். பெரியப்பாவோ தனியார் கல்லூரியில் மருத்துவ சீட்டு பேசி வைத்திருக்கிறார். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் முன்பணம் கட்டும் தேதி நெருங்கிவிட்டதால் நேராகவே சொல்கிறேன்: கட்டாதீர்கள்.

தனியார் மருத்துவப் படிப்பு எளிதில் 3 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் அதை முழுதாகத் தாங்காது. மிச்சத்துக்கு அப்பாவின் இ.பி.எஃப். ஓய்வுக்காலச் சேமிப்பும், தோட்டத்தை விட்டு வந்து வாங்கிய வீடும்தான் கரையும். படித்து முடித்தால் அரசாங்க வேலை உறுதி என்று பெரியப்பா சொல்வது பழைய கணக்கு. 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள். 2021 ஜூலையில் அவர்கள் வேலையை நிறுத்திப் போராடினார்கள். இதெல்லாம் இருக்கட்டும், அவளுக்கு அதில் மனமே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனமில்லாத பிள்ளையை ஐந்து வருடப் படிப்பில் தள்ள வேண்டாம்.

போலிடெக்னிக், பல்கலைக்கழக விண்ணப்பமெல்லாம் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். அவள் கையில் ஏற்கெனவே இருக்கும் தொழிலைப் பார்ப்போம். அத்தையின் தையல் கடைக்கு கூகுள் விளம்பரம் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பிளவுஸ் தைக்க ஆள் தேடுவோருக்குக் காட்ட வேண்டிய விளம்பரம், ‘தையல் மெஷின் விலை’ என்று தேடுவோருக்கும் போய்ப் பணம் வீணானது. என்ன தேடியவர்களுக்கு விளம்பரம் போனது என்று காட்டும் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து பார்த்து, ‘மெஷின்’, ‘விலை’ இரண்டையும் நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது அந்தச் சொல் இருந்தால் விளம்பரம் காட்டாதே என்று, சேர்த்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் பத்தொன்பது வயதில் இதைச் செய்த பிள்ளைக்கு இந்த வேலை வரும்.

இத்துறையில் பாடம் சீக்கிரம் பழசாகிவிடும். 2023 ஜூலையில் இணையதளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் தன் பழைய அனலிட்டிக்ஸ் கருவியையே கூகுள் நிறுத்தியது. அதனால்தான் தொழில் செய்பவர்கள் மாநாட்டில் கூடி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கிறார்கள். ஆனால் முதலில் அது உண்மையான மாநாடுதானா என்று பாருங்கள். நிகழ்ச்சி நிரலில் பல பேச்சாளர்களின் பெயரும், அவர்கள் வேலை செய்யும் நிறுவனமும், உரைத் தலைப்பும் இருக்க வேண்டும். ஹோட்டல் அறை, ஒரே பேச்சாளர், இலவச நுழைவு, கடைசி ஒரு மணி நேரத்தில் ‘இன்றைக்கு மட்டும்’ என்று பல ஆயிரம் ரிங்கிட் வகுப்பு விற்பனை என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

டிக்கெட்டை அவள் விளம்பர வேலையில் சம்பாதித்த பணத்தில் வாங்கட்டும். அதற்கு மேல் ஒரு ரிங்கிட்கூடக் கடன் கூடாது. மாணவர் விலை உண்டா, ஒரு நாள் டிக்கெட் உண்டா, பதிவு மேசையில் உதவத் தொண்டர்களை எடுக்கிறார்களா என்று ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிக் கேட்கட்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து இ.டி.எஸ். ரயில் நேராக கே.எல். சென்ட்ரலுக்குப் போகிறது. மாநாடு கே.எல்.சி.சி. பக்கம் என்றால் அங்கிருந்து கிளானா ஜெயா எல்.ஆர்.டி.யில் மாறாமல் போய்விடலாம்.

போவதற்கு முன் கூகுளின் இணையப் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் தேடல் விளம்பரத் தேர்வை எழுதட்டும். இலவசம்தான், 80 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் ஒரு வருடம் செல்லும். சான்றிதழைக் காட்டி மட்டும் வேலை கிடைத்துவிடாது. ஆனால் மேடையில் பேசுவது புரியும்.

முதல் முறை போகிறவர்கள் தடுமாறுவது உரைகளைத் தேர்ந்தெடுப்பதில்தான். பெரிய பெயருக்காக உயர்நிலை உரையில் உட்காருவார்கள். மாதம் லட்சக்கணக்கில் செலவழிக்கும் நிறுவனத்தின் கதை, மாதம் 300 ரிங்கிட் செலவழிக்கும் கடைக்கு உதவாது. கீவேர்ட் (தேடல் சொல்) தேர்வு, விளம்பர வாசகம், லேண்டிங் பேஜ் (விளம்பரத்தைத் தொட்டால் திறக்கும் பக்கம்), அளவீடு என்று அடிப்படை உரைகளாகப் பார்த்து, ஒரு நாளைக்கு நான்கு போதும். ஸ்லைடை வரிக்கு வரி எழுத வேண்டாம், பெரும்பாலும் பிறகு அனுப்பிவிடுவார்கள். கடையில் செய்து பார்க்கக்கூடியதை மட்டும் குறித்துக்கொள்ளட்டும்.

கேள்வியை வீட்டிலேயே எண்களோடு தயார் செய்ய வேண்டும். “விளம்பரத்தை எப்படி நல்லா செய்றது?” என்று கேட்டால் பொதுப் பேச்சுதான் பதிலாக வரும். “கூகுள் எங்கள் கீவேர்டுக்குத் தரும் தர மதிப்பெண், குவாலிட்டி ஸ்கோர், 10க்கு 4. விளம்பரப் பொருத்தம் சராசரி, லேண்டிங் பேஜ் சராசரிக்குக் கீழே. பக்கத்தில் முதலில் எதை மாற்றுவது?” என்று கேட்டால் பேச்சாளர் நின்று பதில் சொல்வார். மேடையைவிட இடைவேளையில் கேட்பது நல்லது.

கண்காட்சிக் கூடத்தில் இலவசப் பைக்காக பேட்ஜை ஸ்கேன் செய்ய விட்டால் பல மாதம் விற்பனை அழைப்பு வரும். பதிவுக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளட்டும். மதியச் சாப்பாட்டில் தெரியாதவர்களோடு உட்காரட்டும். பயிற்சி வேலைக்கு எந்த விளம்பர ஏஜென்சியில் இடம் இருக்கிறது என்பது பெரும்பாலும் அந்த மேசையில்தான் தெரியவரும்.

திரும்பியதும் இரண்டு நாளுக்குள், பேசியவர்களுக்கு எதைப் பற்றிப் பேசினோம் என்று நினைவூட்டி லிங்க்டுஇன்னில் நான்கு வரி எழுதட்டும். கற்றதை வைத்து கடையின் விளம்பரக் கணக்கில் எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றக் கூடாது. மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. ஒன்றை மாற்றி, இரண்டு வாரம் எண்களைப் பார்த்து, தேதியோடு எழுதி வைக்கட்டும். பயிற்சி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்து அனுப்பலாம்.