பகிடிக்குத்தான்

அஸ்ஸலாமு அலைக்கும் நானா,

செட்டிகுளத்திலிருந்து எழுதுகிறேன். என்ர மகனுக்கு ஒன்பது வயது. மத்ரஸாவில் நல்ல பிள்ளை என்கிறார்கள். வீட்டில் வாயைத் திறந்தால் சத்தம்தான். வாப்பாவோடும் எதிர்த்துக் கதைக்கிறான். இஸ்லாம் சொல்லும் பேச்சு ஒழுக்கத்தை அவனுக்கு எங்கேயிருந்து சொல்லிக்கொடுப்பது? வட்ஸ்அப்பில் ஸலாத்தைச் சுருக்கி எழுதுவது சரியா என்றும் சொல்லுங்கோ. மற்றும்படி அவன் கெட்டவன் இல்லை. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளையைக் 'கறுவல்' என்று கூப்பிடுவான், அதுவும் பகிடிக்குத்தான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் விளையாடுகிறார்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி,

ஸலாத்தை முழுதாக எழுத அரை நிமிடம் போதும், எழுதிவிடுங்கள். சத்தத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவும் வேண்டாம். குர்ஆனில் லுக்மான் என்ற ஞானி தன் மகனிடம் குரலைத் தாழ்த்தச் சொன்னதும், குரல்களிலேயே வெறுக்கத்தக்கது கழுதையின் குரல் என்றதும் மத்ரஸாவில் ஓதிக்கொடுத்திருப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் எப்படிக் கதைக்கிறார்களோ அப்படித்தான் பிள்ளையும் கதைக்கும். அவனுடைய வாப்பா எப்படிக் கதைப்பார் என்று நீங்கள் எழுதவில்லை.

எனக்குப் பொறுக்க முடியாமல் போனது உங்கள் கடைசி வரிகள். பேச்சு ஒழுக்கத்தை எங்கே தொடங்குவது என்று கேட்டுவிட்டு, தொடங்க வேண்டிய இடத்தை 'பகிடிக்குத்தான்' என்று மூடி வைத்துவிட்டீர்கள். எதிர்த்துக் கதைப்பது உங்கள் காதில் விழுகிறது. 'கறுவல்' விழவில்லை. ஏன் தங்கச்சி? அது உங்களைக் குத்தவில்லை, அவ்வளவுதான்.

குர்ஆனில் 49ஆவது அத்தியாயம் ஹுஜுராத். 18 வசனங்கள்தான். அதில் 11ஆவது வசனத்தை ஒருமுறை நிதானமாக ஓதிப் பாருங்கள். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், அவர்கள் இவர்களைவிட மேலானவர்களாக இருக்கலாம் என்று தொடங்குகிறது. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள் என்றும் சொல்கிறது. அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இதற்கு ஒரு பின்னணி வருகிறது. நபி (ஸல்) மதீனாவுக்கு வந்தபோது அங்கே பனூ ஸலிமா கோத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. நபியவர்கள் ஒருவரை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள், "அல்லாஹ்வின் தூதரே, அந்தப் பெயரைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்" என்பார்களாம். அப்போதுதான் இந்த வசனம் இறங்கியது. கூப்பிட்டவர் மனதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கூப்பிடப்பட்டவரின் முகத்தைப் பார்த்துத்தான் சட்டம் வந்தது. உங்கள் மகனின் பகிடி இதில் எங்கே நிற்கும்?

நான் முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் பிறந்தவன். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்துப் பக்கம் ஒரு முகாமில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன். அந்த ஊர் மக்கள் எங்களுக்குச் சோறு தந்தார்கள், படுக்கப் பள்ளிவாசலைத் திறந்து தந்தார்கள். அதை மறந்தால் நான் மனிதன் இல்லை. ஆனால் பாடசாலையில் கொப்பி கொடுக்கும் நாளில் சேர், "அகதிப் பிள்ளைகள் எழும்புங்கோ" என்பார். நல்ல மனுசர். எழும்பி நிற்கும்போது என் முழங்கால் நடுங்கியது அவருக்குத் தெரியாது.

வாப்பா தையல்காரர். ஊரில் 'டெய்லர் நானா' என்றால் முள்ளியவளை வரைக்கும் தெரியும், தமிழாக்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முகாமில் ஒருநாள் ஒருவர் களிசான் துணி கொண்டுவந்தார். கூட வந்தவரிடம், "அகதியிட்டக் குடு, வடிவாத் தைப்பான்" என்றார். பாராட்டித்தான் சொன்னார். வாப்பா தலை நிமிரவில்லை. நூல் நுனியை உதட்டில் நனைத்து ஊசிக் காதில் கோக்கப் பார்த்தார், தவறியது. மறுபடி நனைத்தார், மறுபடி தவறியது. இருட்டில்கூட ஊசி கோக்கிற மனிதர் அவர்.

இதில் என்னையும் சொல்ல வேண்டும். அதே முகாமில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்குத் 'தந்தி' என்று பெயர் வைத்தவன் நான்தான். ஒரு கிழமைக்குள் முகாம் முழுக்க அது ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அவனுடைய உம்மாவே, "தந்தி, தண்ணி அள்ளிட்டு வா" என்று கூப்பிட்டுவிட்டு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவன் ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு போனான். காலையில் அகதி என்று கேட்டு நடுங்கிய அதே பிள்ளைதான் பின்னேரம் இதைச் செய்தது. அதனால்தான் உங்கள் மகனைப் பற்றி எனக்குப் பயம் வருகிறது.

நபித்தோழர் அபூதர் (ரழி) ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி ஏசிவிட்டார். அது கறுப்பினத்தவரான பிலால் (ரழி) என்று பயான்களில் சொல்வார்கள், புகாரி ஹதீஸ் தொகுப்பின் அறிவிப்பில் பெயர் இல்லை. "அவரைத் தாயைச் சொல்லி இழிவுபடுத்தினீரா? உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத் (அறியாமைக் காலத்துக் குணம்) இருக்கிறது" என்றார்கள் நபியவர்கள். அபூதர் சாதாரண ஆள் இல்லை, முதலில் இஸ்லாத்தை ஏற்றவர்களில் ஒருவர். இந்தச் செய்தி எப்படி வெளியே வந்தது தெரியுமா? பல காலம் கழித்து ரபதா என்ற இடத்தில் ஒருவர் அபூதரைப் பார்க்கிறார். அபூதரும் அவருடைய அடிமையும் ஒரே மாதிரி அங்கி உடுத்தியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டபோதுதான் தன் பழைய தவறைச் சொல்கிறார். உங்கள் சகோதரர்களுக்கு நீங்கள் உடுத்துவதையே உடுத்தக் கொடுங்கள் என்று அன்றைக்கு நபியவர்கள் சொன்னதை அத்தனை வருடம் உடம்பில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

2010இல் ஊருக்குத் திரும்பி வந்தோம். இங்கே எங்களுக்குப் 'புத்தளத்தாக்கள்' என்று பெயர். தொப்பியை வைத்து எங்களைச் சொல்கிற வார்த்தை ஒன்றும் உண்டு, அதை எழுதி என் பக்கத்தை அழுக்காக்க மாட்டேன். தமிழாக்களைப் பற்றி எங்கள் வீடுகளுக்குள் புழங்கும் வார்த்தைகளையும் எழுத மாட்டேன். அவை உங்களுக்கும் தெரியும். உங்கள் மகனும் எங்கேயோ கேட்டிருக்கிறான்.

அவனை ஏசாதீர்கள், அடிக்காதீர்கள். பக்கத்தில் இருத்தி அபூதரின் அங்கிக் கதையைச் சொல்லுங்கள். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுப் படலையடிக்குப் போங்கள். வெளியே நின்று கூப்பிடச் சொல்லுங்கள், வீட்டில் அந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன் தங்கச்சி. அந்தப் பிள்ளையின் பெயரை நீங்களும் எழுதவில்லை. கேட்டு எழுதுங்கள்.