டொரோன்டோவை விட்டு, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஐந்நூறு பேர் உள்ள ஊரில் வேலைக்குப் போகலாமா? தனிமையில் தவித்துவிடுவோமா?

நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: போகலாம். தனிமையைப் பற்றித்தான் கவலை என்றால் அதை விடுங்கள். அந்த ஊர்கள் உங்களைச் சும்மா இருக்கவே விடாது. பாசத்தால் என்று உடனே உருகிவிட வேண்டாம், அங்கே ஆள் பற்றாக்குறை.

2015 முதல் 2019 வரை நானும் மனைவியும் அந்த மாகாணத்தின் பெரிய நகரமான சாஸ்கட்டூனிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தள்ளி ஒரு ஊரில் இருந்தோம். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. எனக்குத் தானியக் கிடங்கில், அங்கே எலிவேட்டர் என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். ஐந்நூறு பேரில் தமிழ்க் குடும்பம் ஒன்றே ஒன்று என்பதால், பெயரைச் சொன்னால் கதவு எண்ணைச் சொன்ன மாதிரி.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மொத்தப் பிரதேசமும் கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருக்கும். வடக்கு தெற்காக மைலுக்கு ஒரு சாலை, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று. 1872இல் வந்த சட்டப்படி பத்து டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்துக் குடியேற்றினார்கள். (அது யாருமில்லாத நிலமா என்றால், இல்லை. 1874இலும் 1876இலும் பூர்வகுடிகளோடு போட்ட உடன்படிக்கைகளின் கதை தனி, அதை ஊர் விழாக்களில் அவ்வளவாகப் பேசமாட்டார்கள்.) அப்புறம் ரயில் வந்தது. குதிரை வண்டியில் கோதுமை ஏற்றி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம் பார்த்து, எட்டு பத்து மைலுக்கு ஒரு நிலையம் வைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பாதையில் பெயர் வைக்கச் சோம்பல்பட்டு ஆங்கில அகரவரிசையிலேயே வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள்: வாட்ரஸ் (W), ஜீனா (X), யங் (Y), ஜெல்மா (Z). இசட் முடிந்ததும் மறுபடி ஏ, ஆலன். இன்று லாரி அறுபது எழுபது கிலோமீட்டர் சாதாரணமாக ஓடுகிறது. அந்த இடைவெளியில் அத்தனை ஊர் தேவையில்லை. ஆனாலும் ஊர்கள் இருக்கின்றன, பிடிவாதமாக.

அந்தப் பிடிவாதத்துக்குத்தான் ஆள் வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஒருவர் வந்து, “வியாழக்கிழமை ராத்திரி என்ன வேலை?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். தப்பு. கர்லிங் அணியில் நான்காவது ஆள் இல்லையாம். பனிக்கட்டித் தரையில் கருங்கல்லைத் தள்ளி, முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடும் ஆட்டம். எனக்கு ஐஸ் மேல் நிற்கவே தெரியாது என்றேன். “பரவாயில்லை, நாங்களும் அவ்வளவு நன்றாக ஆடமாட்டோம்” என்றார். முதல் நாள் கல்லைவிட நான்தான் அதிக தூரம் சறுக்கினேன். அதே வருடம் தன்னார்வத் தீயணைப்புப் படையில் பெயர் எழுதினார்கள். மனைவியை நூலகக் குழுவில் போட்டார்கள். வேலை, வீடு தவிர ஆளுக்கு இரண்டு பொறுப்பு. மாட்டேன் என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் நீங்கள் செய்யாத வேலையை எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் செய்துகொண்டிருப்பதைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும்.

எலிவேட்டர் வேலையில்தான் ஊர் எனக்குப் பிடிபட்டது. அறுவடை சமயத்தில் விவசாயிகள் காலி ஐஸ்கிரீம் வாளியில் மாதிரி கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். முதல் ஆகஸ்டில் ஒரு வாளியைத் திறந்தால் உள்ளே பழுப்புத் தோலோடு மைசூர் பருப்பு! ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே அதே ஆரஞ்சு நிறம். கனடாவின் பருப்பில் பெரும்பங்கு இந்த மாகாணத்தில்தான் விளைகிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. 1970களில் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற விஞ்ஞானி ஆரம்பித்து வைத்த வேலை. 1978இல் வெளிவந்த லேயர்ட் பச்சை ரகம், சிவப்பு பின்னால் வந்தது. செடி முழங்கால் உயரம்கூட வராது. இயந்திரம் தரையை ஒட்டி அறுக்க வேண்டும் என்பதால், விதைத்த பிறகு வயல் முழுக்கப் பெரிய உருளையை ஓட்டிக் கல்லை மண்ணுக்குள் அழுத்திவிடுவார்கள்.

வாளிக்குச் சொந்தக்காரர் இருபது வருடமாகப் பருப்பு போடுகிறவர். ஒருநாள்கூடச் சமைத்துத் தின்றதில்லை. “இதை நீங்கள் என்னதான் செய்வீர்கள்?” என்று நிஜமாகவே கேட்டார். மறுநாள் மனைவி சீரகம், பூண்டு தாளித்துக் கடைந்து ஒரு டப்பாவில் கொடுத்தாள். நின்றபடியே நான்கு கரண்டி சாப்பிட்டார். “நன்றாக இருக்கிறது” என்றார். பிறகு, “போன வாரம் விலை இன்னும் நன்றாக இருந்தது” என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

2017 டிசம்பரில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு 30 சதவீத வரி போட்டது. மறுநாள் காலை காபி மேசைக்குப் போனால், வயசாளிகள் ஆறு பேர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள், டெல்லியில் கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்பது போல. அங்கே தினமும் பகடை உருட்டித் தோற்றவர்தான் எல்லோருக்கும் காபிக் காசு கொடுக்க வேண்டும். அன்றைக்குப் பகடையைத் தொடவே இல்லை. பில்லை என் பக்கம் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். ஆனால் சிரிப்புக்கு அடியில் கவலை இருந்தது, அந்தக் குளிர்காலம் முழுக்க இருந்தது.

சரி, தலைவலிகளுக்கு வருகிறேன். ரகசியம் என்று எதுவும் கிடையாது. மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்பதை சொந்த ஊரில் இருக்கும் என் மாமியாருக்கு முன்பே கோ-ஆப் கடைக் கல்லாவில் இருந்த பெண்மணி கண்டுபிடித்துவிட்டார், அவள் வாங்கிய இஞ்சி பிஸ்கட்டை வைத்து. அதைவிடப் பெரிய பிரச்சினை மருத்துவம். 1993இல் மாகாணம் முழுக்க 52 கிராமப்புற மருத்துவமனைகளை மூடியோ வெறும் சுகாதார மையமாக மாற்றியோ விட்டார்கள். அருகில் இருப்பதிலும் பிரசவம் பார்ப்பதில்லை, சாஸ்கட்டூன்தான் போக வேண்டும். 2017 மே மாதத்தோடு அரசுப் பேருந்தையும் நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு மருந்தும் டிராக்டர் உதிரிபாகமும் கொண்டுவந்தது அந்தப் பேருந்துதான். கண் டாக்டரிடம் போகும் பாட்டிகளுக்கு அப்புறம் யாராவது கார் ஓட்டியாக வேண்டும். அதுவும் ஒரு பொறுப்பாக எங்கள் தலையில் ஏறியது.

எங்கள் பெண் பிறந்தது ஜனவரியில், மைனஸ் 34. விடிகாலை மூன்று மணி. கார் கிளம்பியது, ராத்திரி இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் சொருகி வைத்திருந்ததால். (இதை மறந்தால் கார் வெறும் இரும்பு.) காற்று தரையோடு பனியை வாரி அடித்ததில் சாலை ஓரமே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு யார் சொன்னார்களோ, தன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார். நூறு கிலோமீட்டரும் அந்த இரண்டு சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் ஓட்டினேன். மருத்துவமனை வாசலில் இறங்கி நன்றி சொல்லப் போனால், கண்ணாடியைப் பாதி இறக்கி, “மாட்டுக்குத் தீனி வைக்கணும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மூன்று விஷயம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இருவருக்கும் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா? அந்த ஊரில் பள்ளி நடக்கிறதா, இரண்டு மூன்று வகுப்பை ஒரே அறையில் சேர்த்திருக்கிறார்களா? ஐஸ் ரிங்க், அதாவது பனிக்கட்டி ஆடுகளம், திறந்திருக்கிறதா? மூன்றாவது வேடிக்கையாகத் தெரியும். ஆனால் ரிங்க் மூடிய ஊரில் குளிர்காலத்தில் மனிதர்கள் சந்திக்க இடமே கிடையாது. நாங்கள் கிளம்பியது இரண்டாவது காரணத்தால்தான், பெண்ணின் படிப்புக்காக.

இப்போது சாஸ்கட்டூனில் அபார்ட்மென்ட். எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. போன அக்டோபரில் அங்கிருந்து ஒரு போன். ஊர் மண்டபத்தில் வருடாந்திர விருந்து: வான்கோழி, முட்டைக்கோஸ் சுருள், உக்ரைன் கொழுக்கட்டை, பெர்ரி பழ பை என்று சுற்றுவட்டார ஊர்களெல்லாம் டிக்கெட் வாங்கி வந்து சாப்பிடும். நலமா, குழந்தை எப்படி என்றெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில், “உருளைக்கிழங்கு தோல் சீவ ரெண்டு பேர் குறையுது. சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க. கத்தி நீங்களே கொண்டு வாங்க, போன தடவை ஒன்று காணாமல் போச்சு” என்றார்கள்.

ஏழேமுக்காலுக்கே போய்விட்டோம்.