வலி மாத்திரை போட்டா தடிப்பு... டெஸ்ட்ல தெரியுமா டாக்டர்?

கேள்வி: போன மாசம் பல்வலிக்கு டைக்ளோஃபினாக் போட்டேன், ஒரு மணி நேரத்துல கை, வயிறெல்லாம் கொசு கடிச்ச மாதிரி தடிச்சு ஒரே அரிப்பு. போன வாரம் முட்டிவலிக்கு இபுப்ரோஃபென் போட்டேன், இந்தத் தடவை உதடும் வீங்கிடுச்சு. பிளட் டெஸ்ட்ல காரணம் தெரிஞ்சிடுமா? (வாசகி, திருச்சி)

பதில்: பயந்து போயிருப்பீங்கம்மா. ஆனா நீங்க எழுதினதே டெஸ்ட்டை விட நிறைய சொல்லுது. ரெண்டும் வேற வேற ரசாயனக் குடும்பம், ரெண்டுக்கும் தடிக்குதுன்னா பிரச்சனை ஒரு மாத்திரையோட இல்ல, அதுங்க வேலை செய்யற விதத்துலதான் இருக்கும். காக்ஸ்-1ங்கற என்சைமை இது ரெண்டும் அடக்குது, அப்போ சிலருக்கு லுகோட்ரையீன்ங்கற பொருள் கூடிப்போய் தடிப்பும் வீக்கமும் வருது, இதுல அலர்ஜி ஆன்டிபாடிக்கு வேலையே இல்லாததால பிளட் டெஸ்ட்லயும் சரி, தோல்ல குத்திப் பாக்கறதுலயும் சரி, பெரும்பாலும் சிக்காது.

எத்தனை மில்லிகிராம், எவ்ளோ நேரத்துல வந்துச்சு, எப்ப அடங்குச்சுன்னு எழுதிக்கங்க, தடிப்பை போட்டோ எடுத்து, மாத்திரை அட்டையோட அலர்ஜி டாக்டரைப் பாருங்க. தேவைப்பட்டா ஆஸ்பத்திரியில வச்சு கொஞ்சம் கொஞ்சமா மாத்திரை குடுத்துப் பாப்பாங்க, வீட்ல அந்த சோதனை வேணவே வேணாம். பாராசிட்டமால் நிறைய பேருக்கு ஒத்துக்கும், ஆனாலும் டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க, கடையில குடுக்கற கூட்டு மாத்திரையில அதோட டைக்ளோஃபினாக்கும் கலந்திருக்கலாம், அட்டையத் திருப்பிப் படிங்க.

ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல வட்டமா கருந்திட்டு வந்தா அது வேற கதை, அதுக்கு ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன்னு பேரு. மூச்சு திணறினாலோ, வாய் புண்ணாகி கண் சிவந்து தோல்ல கொப்புளம் கிளம்பினாலோ ராத்திரின்னு பாக்காம எமர்ஜென்சிக்கு ஓடுங்கம்மா.