ஹட்டனிலிருந்து சென்னைக்கு முதல் பயணம்: எதை முதலில் செய்வது?

"இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து நான்கு பேர் முதல் தடவையாகச் சென்னை போகிறோம். கல்யாணப் பட்டு எடுக்க வேண்டும், நீலகிரியில் கோத்தகிரியில் இருக்கும் சொந்தக்காரரையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் லீவில் 9 நாள் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

9 நாள் தாராளம். ஏப்ரல் மட்டும் வேண்டாம். ஸ்வெட்டர் போட்டுப் பழகிய உடம்புக்குச் சித்திரை வெயிலில் பட்டுக் கடைகள் இருக்கும் தி.நகர் தெருக்களில் நடப்பது பெரிய தண்டனை, அதிலும் வயதானவர்கள் கூட வந்தால் இரண்டாம் நாளே படுத்துவிடுவார்கள். போதாததற்குத் தமிழ்நாட்டில் அப்போது பள்ளி விடுமுறை தொடங்கும், நீலகிரிப் பக்கம் போகும் ரயில்களில் இடம் கிடைக்காது. பொங்கல் வாரத்தைத் தவிர்த்த ஜனவரி, பெப்ரவரிதான் நல்ல காலம். ஓகஸ்டில் லீவு கிடைத்தால் அதுவும் சரி, மாதத்தின் முதல் பாதியில் ஆடித் தள்ளுபடி ஓடும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நீலகிரி அடிவாரமான மேட்டுப்பாளையத்துக்கு மேலே மண் சரியும் காலம்.

நாள் குறித்ததும் ஒரு மேசையில் நான்கு பாஸ்போர்ட்டையும் திறந்து வைத்துப் பெயர்களைப் பாருங்கள். மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும், அடையாள அட்டையில் ஒரு எழுத்தும், பாஸ்போர்ட்டில் வேறொன்றும் இருப்பது புதிதல்ல. விசா, டிக்கட், ரயில் மூன்றுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளே கணக்கு. குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று அதில் எப்படிப் பிரித்திருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். தகப்பன் பெயரை முன்னுக்கோ பின்னுக்கோ நீங்களாக மாற்றிப் போடாதீர்கள். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்ல வேண்டும், 2 வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமானால் கண்டி அலுவலகத்திலேயே செய்யலாம், பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்குப் போகத் தேவையில்லை.

இந்திய அரசின் இ-விசா தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அதே சாயலில் கூடுதல் காசு பறிக்கும் போலித் தளங்கள் நிறைய உண்டு, முகவரியின் கடைசியில் இந்திய அரசுக்குரிய gov.in என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 30 நாள் சுற்றுலா விசாவுக்கு, போகும் திகதிக்கு முந்திய 30 நாட்களுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். கடைசி வரம்பு, போவதற்கு 4 நாள் முன். இரண்டு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதிகம் சிக்குவது படத்தில்: நீளமும் அகலமும் சமமாக, வெளிர் பின்னணியில், 10 கேபிக்கும் 1 எம்பிக்கும் இடையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பக்கம் பிடிஎஃப் ஆக 300 கேபிக்குள். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் தளம் ஏற்காது. பணம் கட்டியதும் நிலவரம் மாறாவிட்டால் பதறி இரண்டாம் முறை கட்டாதீர்கள், சில மணி நேரம் விட்டு அதே தளத்தில் சரிபாருங்கள். கோத்தகிரி உறவினரின் முழு முகவரியும் போன் இலக்கமும் படிவத்தில் கேட்கப்படும். பிரஜாவுரிமை எப்படிக் கிடைத்தது என்றும் ஒரு கேள்வி வரும். பதிவு மூலம் பிரஜாவுரிமை பெற்ற பெரியவர்களின் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஒட்டியே நிரப்புங்கள். விசா வந்த பிறகு விமான டிக்கட் எடுப்பதுதான் புத்தி. இந்தியாவில் இறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் இ-வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும், அதற்குக் காசில்லை.

பறப்பது ஒன்றேகால் மணி நேரம் போல. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போவதுதான் நீண்ட பயணம். கினிகத்தேனைப் பாதையில் மழைக்கு மண் விழுந்தால் விமானம் போய்விடும். காலை விமானமென்றால் முதல் நாளே நீர்கொழும்பில் தங்குங்கள்.

காசு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இலங்கை ரூபாயைச் சென்னையில் மாற்றுவது சிரமம், டொலராகக் கொண்டுபோங்கள். வீட்டுப் பெட்டியில் யாரோ கொண்டுவந்த இந்திய நோட்டு இருக்கிறதென்று நம்பிப் போகாதீர்கள்: பழைய 500, 1000 நோட்டுகள் 2016 நவம்பரில் செல்லாமல் போயின, 2000 நோட்டு 2023இல் திரும்பப் பெறப்பட்டது, கடைகளில் வாங்க மாட்டார்கள். அங்கே இளநீர்க் கடையிலும் போனைக் காட்டித்தான் காசு கொடுக்கிறார்கள். நம் வங்கிக் கணக்கில் அது ஓடாது, ஆகவே 10, 20, 50, 100 நோட்டுகள் கையில் இருக்க வேண்டும். வங்கியின் ஓடிபி வர உங்கள் சிம்மில் ரோமிங்கைப் புறப்படும் முன்னே திறந்து வையுங்கள். போன் சார்ஜர் சதுர முள் 13 அம்பியர் என்றால் அங்குள்ள உருண்டைத் துளைக்குப் பொருந்தாது, ஒரு அடாப்டர் எடுத்துச் செல்லுங்கள்.

தங்குவதற்கு எழும்பூர். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷனிலிருந்து நேரே ரயில் இருக்கிறது. பெட்டி அதிகமென்றால் மெட்ரோ: ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாறினால் எழும்பூர், தலைக்கு 50 ரூபாய்க்கு மேல் வராது. "ஹோட்டல்" என்றால் அங்கே சாப்பாட்டுக் கடை என்றும் பொருள், ரூமுக்கு "லாட்ஜ்" என்று கேளுங்கள். முன்பதிவு செய்யும்போதே "வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுப்பீர்களா" என்று கேட்டுவிடுங்கள். தமிழ் பேசினாலும் நாம் வெளிநாட்டவர்தான். தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தை ஒன்லைனில் பதிய வேண்டும், சி படிவம் என்பார்கள். அந்த வசதி இல்லாத சின்ன லாட்ஜ்கள் இரவில் வாசலிலேயே திருப்பி அனுப்பும். கோத்தகிரி வீட்டுக்கும் இதே விதிதான். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன குடும்பங்கள் நம்மை வெளிநாட்டவராக நினைப்பதே இல்லை, அதனால் பதிய மறந்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கோத்தகிரியை முதலில் முடியுங்கள், பட்டுப் பைகளோடு மலை ஏற வேண்டியிருக்காது. இறங்கிய அன்றே இரவு ரயிலைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், விமானம் தாமதித்தால் டிக்கட் வீண். மறுநாள் இரவு சென்ட்ரலிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிகாலை மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 33 கிலோமீட்டர். மலை ரயில் குன்னூர் வழியாக ஊட்டிக்குத்தான் போகும், கோத்தகிரிக்குப் போகாது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். உறவினர் தன் கணக்கில் எடுத்துத் தரும்போது நாடு என்ற இடத்தில் தானாக இந்தியா என்று இருக்கும், இலங்கை என்று மாற்றிப் பாஸ்போர்ட் இலக்கம் போடச் சொல்லுங்கள். வண்டி வைத்து ஏறினால் நீலகிரிக்குள் நுழைய வாகன அனுமதிச் சீட்டான இ-பாஸ் வேண்டும், அரசு பஸ்ஸுக்கு வேண்டாம். தெற்கே போகும் பஸ்ஸுக்குப் பழைய ஆட்கள் கோயம்பேடு என்பார்கள். 2023 டிசம்பர் முடிவிலிருந்து அது கிளாம்பாக்கம், வண்டலூர்ப் பக்கம்.

பட்டுக்குக் கடைசி இரண்டு நாள், கிழமை நாளில், கடை திறந்ததும். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் தி.நகர் ரங்கநாதன் தெரு. ஞாயிறு மாலை அங்கே கால் வைக்க முடியாது. சேலையில் அசல் பட்டு என்று சொல்லும் சில்க் மார்க் அட்டை இருக்கிறதா பாருங்கள், ஜரிகை அசலா இமிடேஷனா என்று வாய்விட்டுக் கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள். சேலையின் முந்தியை மடித்துக் காட்டுவார்கள், முழுக்க விரித்து வெளிச்சத்தில் பாருங்கள், நூல் இழுபட்ட இடம் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ரவிக்கையை ஊரில் தையுங்கள், அங்கே அவசரத்தில் கெடும். பெருங்கடைகளுக்கு முன் எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள அரசுக் கூட்டுறவுக் கடையான கோ-ஆப்டெக்ஸில் விலையைப் பார்த்துக்கொண்டால் தி.நகரில் எது நியாயம் என்று தெரியும்.

ஒரு நாள் மிஞ்சினால் மாமல்லபுரம் போங்கள். வெளிநாட்டவருக்கு டிக்கட் 600 ரூபாய், இந்தியருக்கு 40. சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர் என்பதால் உங்களுக்கும் 40தான். ஆனால் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், போட்டோ கொப்பியை ஏற்காமல் போகலாம், அசலைக் கொண்டு போங்கள்.