மிச்சம் யாருக்கு?

கேள்வி: வீடு தேடி பி.பி., சுகர் மாத்திரை, தெருவுக்குத் தெரு மருத்துவ முகாம் என்று அரசு கொட்டும் பணம் பின்னால் மிச்சமாகுமா, தண்டச் செலவா? (வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: எல்லாத் தடுப்பு வைத்தியமும் கஜானாவுக்கு மிச்சம் தராது. ஒருவருக்கு வரப்போகும் நோயைப் பிடிக்க நூறு பேரைச் சோதிக்க வேண்டியிருக்கும். நூறு பேருக்கும் செலவு உண்டு. 2008-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வுப்படி, தடுப்பு முறைகளில் ஐந்தில் ஒரு பங்குகூட செலவைக் குறைக்கவில்லை. நோய் வந்த பிறகு செய்யும் சிகிச்சைகளுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். ஆனால் இதய ஆபரேஷனால் அரசுக்கு என்ன மிச்சம் என்று யாரும் கேட்பதில்லை. தடுக்கும்போது மட்டும் ஏன் கேட்கிறோம்?

சரி, மிச்சம் என்றீர்களே, யாருக்கு? காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்கும் அம்மா, மாத்திரைக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய ஏலம் போச்சு. அதனால் போக மாட்டார். பி.பி. ஏறி, கிட்னி கெட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். காப்பீட்டு அட்டை டயாலிசிஸுக்குப் பணம் கட்டும். ஆட்டோ காசும், துணைக்கு வரும் மகள் இழக்கும் கூலியும் எந்த பட்ஜெட்டிலும் வராது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரை அட்டையை வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறது. அதைத் தண்டம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. மாத்திரை கொடுத்ததோடு நிற்காமல், பி.பி. இறங்கியதா என்று விடாமல் பார்க்கவும் வேண்டும்.

அப்புறம் என் பழைய வழக்கு. தடுப்பு என்றாலே சுகாதாரத் துறை வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். வடசென்னையில் அது குடிநீர் வாரியத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் ஆரம்பிக்க வேண்டும். கழிவுநீர் கலந்து நாறும் முதல் இரண்டு குடத்தைக் கொட்டிவிட்டு மூன்றாவதைப் பிடிக்கிற தெருவில், வயிற்றுப்போக்குக்கு எத்தனை முகாம் போட்டு என்ன பயன்? 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் குழாயை ஒழுங்காகச் சோதிப்பதும் தடுப்பு மருத்துவம்தான். முகாம் செலவுக்குக் கணக்குக் கேட்கும் நீங்கள், உங்கள் கவுன்சிலரிடம் உங்கள் தெருக் குழாய்க்கும் கணக்குக் கேளுங்கள். பதில் வந்தால் எழுதுங்கள், வெளியிடுகிறேன்.